கட்டாரி வாங்கலையோ, கட்டாரி!

பழைய ஜெர்மன் ராணுவ அதிகாரிகள் விழாக்களில் இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்ட குத்துவாள்களைச் சேகரிக்கும் ஆட்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். பெரும்பாலும் சோலிங்கன் நகரத்துப் பட்டறைகளில் செய்தவை. 1945ல் ஜெயித்த நாட்டுச் சிப்பாய்கள் ஞாபகார்த்தமாக அள்ளிக்கொண்டு போனவை ஏராளம். இன்று அதற்கென்று விலைப்பட்டியல் புத்தகம், போலி தயாரிக்கும் கூட்டம் எல்லாம் உண்டு. "ஹிட்லர் ஆள் கட்டியிருந்ததை எதுக்குய்யா வீட்டில் மாட்டுறே?" என்று கேட்டால் ரெடியாக ஒரு பதில் வைத்திருப்பார்கள்: வரலாற்றைப் பாதுகாக்கிறோம்!

அவர்கள் கிடக்கட்டும். இதே வசனத்தைத் தஞ்சாவூர் கட்டாரிக்கும் பேசுகிறார்களே, எனக்கு அங்கேதான் பற்றிக்கொண்டு வருகிறது.

கட்டாரி தெரியும்தானே? பிடி குறுக்கே இருக்கும். முஷ்டியை மடக்கிப் பிடித்து நேராகக் குத்த வேண்டியதுதான். தஞ்சாவூர்க் கட்டாரியில் கூடுதலாகக் கையை மூடுகிற மாதிரி வளைந்த ஒரு தகடு இருக்கும். சிலவற்றில் யாளி முகம் வேறு. நாயக்கர் காலத்திலிருந்து மராட்டிய ராஜாக்கள் காலம் வரை அரண்மனை ஆயுதசாலையில் இருந்தவை. (பெருமை பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல்: இவற்றில் பலவற்றின் அலகு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தது. பரங்கி அலகு, நம்மூர்ப் பிடி. அப்போதே இம்போர்ட் ஐட்டம்தான் :) )

1855ல் ராஜா சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கம்பெனிக்காரன் பட்டாளத்தோடு வந்து அரண்மனையையும் அதிலிருந்த சொத்தையும் எடுத்துக்கொண்டான். ராணி காமாட்சி பாய் சும்மா இருக்கவில்லை. மெட்ராஸ் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டு ஜெயித்தார். கம்பெனி லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1859ல் அங்கே என்ன தீர்ப்பு தெரியுமா? இது அரசாங்கத்தின் செயல், சரியோ தப்போ கோர்ட்டு விசாரிக்க முடியாது. முடிந்தது கதை. 1860களில் ஆயுதசாலையைக் கலைத்தார்கள். நல்லதாகப் பொறுக்கி மெட்ராஸ் மியூசியத்துக்கு (இன்றைய எழும்பூர் அருங்காட்சியகம்) அனுப்பினார்கள். மிச்சத்தில் பெரும்பகுதியை உடைத்துப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டார்கள். தப்பியவை கைமாறிக் கைமாறி வெளிநாட்டு மியூசியங்களுக்கும் ஏலக்கடைகளுக்கும் போய்ச் சேர்ந்தன.

நான் பி.காம். படிக்கிறவன், கணியூர்க்காரன். எனக்குப் புரிந்த கணக்கில் சொல்கிறேன். எங்கள் பக்கம் பனியன் கழிவைக் கிலோ கணக்கில் எடை போட்டு வாங்குவார்கள். அதே துணியில் லேபிள் ஒட்டிவிட்டால் விலையே வேறு. கட்டாரிக்கும் அதே கதை. அன்று எடைக்குப் போட்ட இரும்புக்கு இன்று லேபிள் விலை. அந்த லேபிளில் இருப்பது என்ன? தோற்றவன் பெயரும் பறித்தவன் பெயரும்! திப்பு சுல்தானின் படுக்கையறை வாள் 2023 மே மாதம் லண்டன் போன்ஹாம்ஸ் ஏலத்தில் 1.4 கோடி பவுண்டுக்கு மேல் போனது. 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் ஜெனரல் பெயர்டுக்குப் பரிசாகக் கொடுத்த வாள் அது. கொள்ளைக் கதை இல்லாமல் வெறும் எஃகுக்கா அந்த விலை?

"நாங்கள் வாங்காவிட்டால் அதுவும் உருகியிருக்கும்" என்பார்கள். சரி, உருக்கக் கொடுத்தது யார்? வீட்டைக் கொளுத்திவிட்டு, எரியாத கதவை நான்தான் காப்பாற்றினேன் என்று மாட்டிக்கொள்வதற்குப் பெயர் பாதுகாப்பா? நிஜமாகவே வரலாறு முக்கியம் என்றால் அந்தக் கத்தி யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று முழுசாக எழுதி வைக்க வேண்டாமா? பெரும்பாலும் கடைசியாக விற்றவரோடு கதை நின்றுவிடும்.

நம் சட்டமும் இதில் கைகொடுக்காது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நல்ல சட்டம்தான், ஆனால் 1860களில் வெளியே போனதை அது எப்படிப் பிடிக்கும்?

திருப்பிக் கொடு என்றுகூட நான் இங்கே கேட்கவில்லை, அது பெரிய சண்டை. விற்பனைக் குறிப்புகளில் 'ஆயுதசாலை கலைந்தது' என்று எழுதுகிறார்கள் பாருங்கள், என்னவோ மேகம் கலைந்த மாதிரி! அதை அடித்துவிட்டு, '1856, கம்பெனி எடுத்துக்கொண்டது, ராணி வழக்குப் போட்டார்' என்று விலைக்குப் பக்கத்திலேயே அச்சடிக்கட்டும். அப்புறம் எத்தனை பேர் கை தூக்குகிறார்கள் என்று பார்ப்போம்.