காப்பாளர் போட்ட கையெழுத்து

"2010-இல் சில ஆர்வலர்கள் கிளப்பிய கூச்சலால்தான் எச்.பி.வி. தடுப்பூசி பல ஆண்டுகள் அரசுத் திட்டத்துக்குள் வரவில்லை. எத்தனை பெண்கள் கருப்பை வாய்ப் புற்றுநோயில் செத்தார்கள், யார் பொறுப்பு?" மருத்துவக் கருத்தரங்குகளில் இந்தக் கேள்வி பல ஆண்டுகளாக என் காதில் விழுந்து வருகிறது. கைதட்டலும் தவறாமல் விழுகிறது. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

முதலில் வயதுக் கணக்கு. 2009-இல் தொடங்கிய திட்டத்தில் இந்த ஊசி போடப்பட்டவர்கள் 10 முதல் 14 வயதுச் சிறுமிகள். இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்களைத்தான் தாக்குகிறது. ஆகவே கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இறந்த பெண்களில் மிகப் பெரும்பாலோரை அந்த ஊசி காப்பாற்றியிருக்க வழியே இல்லை.

அடுத்து, "ஊசி போட்ட பின் இறந்த ஏழு சிறுமிகளின் சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணைக் குழு சொல்லிவிட்டதே" என்கிறார்கள். சொன்னது. நானும் ஏற்கிறேன். தடுப்பூசி நல்லது, என் வீட்டுப் பெண்ணுக்கும் போடச் சொல்வேன். ஆனால் கேள்வி அதுவல்ல.

2009 ஜூலையில் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், பத்ராசலம் உள்ளிட்ட மூன்று மண்டலங்களில் அந்தத் திட்டம் தொடங்கியது. நடத்தியது 'பாத்' என்ற அமெரிக்க அமைப்பு. ஊசி போடப்பட்டவர்களில் பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். நாடாளுமன்ற நிலைக்குழு 2013-இல் அளித்த அறிக்கையைப் படித்துப் பாருங்கள். ஆந்திரத்தில் பார்க்கப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763-இல் கையெழுத்துப் போட்டவர் விடுதிக் காப்பாளர். 1,948-இல் இருந்தது கைநாட்டு. பெரும்பாலான பிள்ளைகளின் அப்பா, அம்மா இறந்துவிடவில்லை. ஊரில்தான் இருந்தார்கள், விடுமுறைக்குப் பிள்ளைகள் அவர்களிடம்தான் போனார்கள். ஆளனுப்பிக் கேட்டிருக்கலாம். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் விளக்கி, சாட்சி வைத்துக் கைநாட்டு வாங்கியிருக்கலாம். இது ஆய்வு நெறியின் பாலபாடம். அதைச் செய்யாமல், காப்பாளரே கையெழுத்திடலாம் என்று மாநில அரசே வழிவிட்டது. சோறு போட்டுத் தங்கவைப்பவர் உடம்புக்கும் உரிமையாளர் ஆகிவிடுவாரா? சென்னையில் பெரிய தனியார் பள்ளி ஒன்றில், பெற்றோரைக் கேட்காமல் தலைமையாசிரியர் ஆயிரம் பிள்ளைகளுக்கு இப்படிக் கையெழுத்திட்டிருந்தால் மறுநாள் அந்தப் பள்ளி வாசலில் என்ன நடந்திருக்கும்? கோயா பழங்குடி வீட்டுத் தாயைக் கேட்க வேண்டியதில்லை என்று முடிவெடுத்தவர்களுக்கு அந்தப் பயம் இல்லை. அவள் வாசலுக்கு வரமாட்டாள் என்று அவர்களுக்குத் தெரியும்.

"அது ஆய்வே அல்ல, செய்முறை விளக்கத் திட்டம்" என்ற வாதத்தை நிலைக்குழுவே நிராகரித்துவிட்டது.

"ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தால் பொதுச் சுகாதாரம் நடக்குமா" என்றும் கேட்கிறார்கள். சிக்கிமில் நடந்தது. 2018-இல் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் முன்கூட்டியே பேசிவிட்டு அரசே இறங்கியது. இலக்கு வைத்த சிறுமிகளில் 95 விழுக்காட்டுக்கும் மேல் ஊசி போட்டுக்கொண்டார்கள். பத்ராசலத்தில் நம்பிக்கையைக் கெடுத்தது ஆர்வலர்களா, காப்பாளரிடம் பேனாவை நீட்டியவர்களா?

இன்னொன்றையும் கேட்கிறேன். சாகும் பெண்களுக்காக இவ்வளவு உருகுகிறவர்கள் பரிசோதனை பற்றி ஏன் வாய் திறப்பதில்லை? கருப்பை வாயில் அசிடிக் அமிலம் தடவிப் பார்க்கும் சோதனைக்குச் செலவு மிகக் குறைவு, பயிற்சி பெற்ற செவிலியரே செய்யலாம். புற்றுக்கு முந்தைய மாற்றங்களைத் தொடக்கத்திலேயே பிடித்தால் அவை புற்றாக மாறாமல் தடுக்கலாம். அன்றைக்கும் இன்றைக்கும் ஆபத்தில் இருக்கும் நடுவயதுப் பெண்களுக்கு உதவுவது இதுதான். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019–21), 30 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் ஒருமுறையாவது கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் நாடு முழுவதும் 1.9 விழுக்காடு. இதை எந்த ஆர்வலர் தடுத்தார்? எந்த ஊரில் யார் கூச்சல் போட்டார்கள்?