கதவு ஏன் திறக்கவில்லை?

அமெரிக்காவில் கார் வைத்திருப்பவர்கள் பலர், வீட்டுக் கார் ஷெட்டின் கதவைத் திறக்கக் கீழே இறங்குவதில்லை. காரில் உட்கார்ந்தபடியே ஒரு சின்னப் பெட்டியின் பொத்தானை அமுக்குவார்கள். கதவு தானாகத் திறக்கும்.

2004-ம் ஆண்டு புளோரிடா மாநிலத்தில் ஒரு வட்டாரத்தில் அந்தக் கதவுகள் திடீரென்று மக்கர் செய்தன. ஒரு வீட்டில் அல்ல, பல வீடுகளில்!

காரணம் என்ன? பக்கத்தில் எக்ளின் விமானப்படைத் தளம் இருக்கிறது. அங்கே புதிய ரேடியோக் கருவிகளைச் சோதனை செய்தார்கள். அவ்வளவுதான்.

ஒரே அலையில் இருவர்

டெலிவிஷன் ரிமோட் வேறு. அது கண்ணுக்குத் தெரியாத ஒளியால் வேலை செய்கிறது. கதவுப் பெட்டி அனுப்புவது ரேடியோ அலை. அவற்றில் பல 390 மெகாஹெர்ட்ஸ் அலையில் இயங்கின. அந்த அலையோ ராணுவத்துக்கு உரியது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, ராணுவத் தளங்களில் 380 முதல் 400 மெகாஹெர்ட்ஸ் வரையில் பேசும் புதிய ரேடியோக்கள் வந்தன.

சந்தை இரைச்சலில் குழந்தை கூப்பிட்டால் தாய்க்குக் கேட்குமா? கதவின் கதியும் அதுதான். பெட்டியைக் கதவுக்கு மிக அருகே கொண்டுபோனால்தான் சில திறந்தன.

யாரிடம் முறையிடுவது?

யாரிடமும் முடியாது! இத்தகைய கருவிக்கு லைசென்சு வேண்டாம். ஆனால் அமெரிக்க அரசின் தகவல் தொடர்புக் கமிஷன் இரண்டு நிபந்தனை போட்டிருக்கிறது. கருவி பிறருக்குத் தொல்லை தரக்கூடாது. பிறரால் வரும் தொல்லையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே வேறு அலையில் இயங்கும் புதுப் பெட்டி வாங்குவதுதான் வழி. நாட்டின் பாதுகாப்புக்கு முதலிடம் என்பதில் தவறில்லை. ஆனால் பணம் கொடுத்து வாங்கியவருக்கு அந்த நிபந்தனை தெரியுமா? கருவியில் அதை அச்சிட்டுத்தான் இருந்தார்கள். எப்படி? பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் எழுத்தில், வக்கீல் பாஷையில்!

நமக்கு என்ன?

இந்தியாவிலும் கார் சாவி, கேட் ரிமோட், அழைப்பு மணி என்று வீட்டுக்கு வீடு இப்படிப்பட்ட கருவிகள் வந்துவிட்டன. 433 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகளுக்கு இங்கேயும் லைசென்சு தேவையில்லை. நிபந்தனையும் அதேதான்: பிறருக்கு இடைஞ்சல் செய்யாதே, உனக்கு இடைஞ்சல் வந்தால் பாதுகாப்புக் கேட்காதே.

இதை வாங்கும்போதே சொல்ல வேண்டும். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில், தமிழில் இரண்டே வரி போதும். "இந்தக் கருவி சில இடங்களில் வேலை செய்யாமல் போகலாம். கையால் திறக்கும் சாவியையும் வைத்துக்கொள்ளுங்கள்."

இதற்கு ஆகும் மைச் செலவு எவ்வளவு? காலணாக்கூட இராது. உற்பத்தியாளர்கள் தாமாகச் செய்யாவிட்டால், அரசு உத்தரவு போட வேண்டும்.