கடலடியில் ஒரு துலாக்கோல்

அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல நாயன், தன் படைப்பில் ஒன்றையேனும் வீணுக்காகப் படைத்தானில்லை என்பது நம் ஈமானின் பகுதி. ஆயினும் கல்லூரிகளில் உயிரியல் பயிலும் நம் பிள்ளைகளிற் சிலர் ஒரு வினாவை நெஞ்சில் சுமந்து வீடு திரும்புகின்றனர். "பெரிய மீன் சிறிய மீனை விழுங்குகிறது, ஒரு செடி இன்னொரு செடியின் நிழலில் கருகுகிறது, இடத்துக்கும் இரைக்கும் உயிர்கள் ஓயாது போரிடுகின்றன. கருணையாளன் படைத்த உலகில் இத்தனை போட்டி எதற்கு?" என்பதே அவ்வினா. கேட்ட பிள்ளையை அதட்டி அடக்குவது அறிவுடைமையாகாது. சிந்தித்துப் பார்க்குமாறு மீண்டும் மீண்டும் தூண்டும் மார்க்கம் நம்முடையது. எனவே, வாசக நேயர்களே, இவ்வாரம் நம் கரையோரத்திலேயே விடையைத் தேடுவோம்.

ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்திற்கும் அருகே அமைந்துள்ளது சாகுபுரம். உப்பை மூலப்பொருளாகக் கொண்ட இரசாயனத் தொழிற்சாலையைச் சூழ்ந்து வளர்ந்த ஊர் அது. அதனைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளங்கள். வெறும் வெண்மை என்று நாம் எண்ணிக் கடந்து செல்லும் அந்தப் பாத்திகளிலும் சேற்று வெளிகளிலும் பறவைக் கூட்டங்கள் இரை தேடுவதைச் சற்றே உற்று நோக்குங்கள். குறுகிய அலகுடைய சிறு உள்ளான்கள் சேற்றின் மேற்பரப்பில் கொத்துகின்றன. நீண்டு வளைந்த அலகுடைய கோட்டான் அதே சேற்றின் ஆழத்திலுள்ள புழுவைத் துழாவி எடுக்கிறது. நெடுங்கால் உள்ளான் முழங்காலளவு நீரில் நின்று பூச்சிகளைப் பொறுக்குகிறது. பூநாரையோ தலையைக் கவிழ்த்து, அலகினால் நீரை வடிகட்டி, கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களை உண்கிறது. விரிந்திருப்பது ஒரே விரிப்பு. ஆயினும் ஒன்றின் தட்டில் மற்றொன்று கைவைக்காதபடி ஒவ்வொன்றுக்கும் அலகின் நீளத்தையும் காலின் உயரத்தையும் அளந்து கொடுத்தவன் யார்? ரிஸ்க் பங்கிடப்பட்டுள்ளது என்று நாம் நாவால் மொழிவதை இப்பறவைகள் உடலாலேயே மொழிகின்றன.

1934-ஆம் ஆண்டில் காஸ் என்னும் ரஷ்ய அறிஞர், கண்ணாடிக் குழாய்களில் நுண்ணுயிர்களை வளர்த்து ஓர் உண்மையை எடுத்துரைத்தார். ஒரே இடத்தில், ஒரே இரையை, ஒரே விதமாக நாடும் இரண்டு இனங்கள் நெடுநாள் கூடி வாழ இயலாது. ஒன்று மற்றொன்றை ஒழித்துவிடும் என்பதே அது. இரையாலோ இடத்தாலோ காலத்தாலோ அவை வேறுபட்டால் இரண்டும் வாழ வழி பிறக்கும். அந்த வழி எவ்வாறு வகுக்கப்பட்டுள்ளது என்பதற்கு உப்பளத்துப் பறவைகளே சாட்சி.

இனிக் கடலுக்குள் இறங்குவோம். இரு கடல்களிலிருந்தும் முத்தும் பவளமும் வெளிப்படுவதை அர்ரஹ்மான் அத்தியாயத்தில் இறைவன் தன் அருட்கொடையாக எடுத்துக் காட்டுகின்றான். அவ்விரண்டையும் ஒருங்கே பெற்ற பேறு மன்னார் வளைகுடாவினுடையது. தூத்துக்குடிக்கு அப்பால் கடலடியில் பரந்து கிடக்கும் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பது முத்துக்குளிப்போர் வழக்கு. தோலாயிரம் பார் முதலியவை புகழ்பெற்றவை. சிப்பியின் குஞ்சு நீரில் மிதந்து வந்து, தன் உடலினின்று சுரக்கும் நாரினால் பாரைப் பற்றிக்கொண்டு வளர்கிறது. பற்றிய நொடியிலிருந்தே அதற்குப் பகைவர் பலர். கிளாத்தி மீன் இளஞ்சிப்பியைக் கடித்து நொறுக்கும். திருக்கை கூட்டமாக வந்து பாரையே மேய்ந்துவிடும். நட்சத்திர மீன் சிப்பியை அணைத்துத் திறந்து உண்ணும். பஞ்சுயிர்கள் ஓட்டைத் துளைத்து உள்ளே குடியேறும். இவையனைத்தினும் வியப்புக்குரியது 'சூரன்' என்னும் சிறு மட்டி. அது சிப்பியைக் கடிப்பதுமில்லை, உண்பதுமில்லை. பாரின் மீது பாய் விரித்தாற்போல் நாரால் பின்னிப் படர்ந்து, சிப்பிக் குஞ்சுகளுக்கு இடமின்றி மூச்சுத் திணறச் செய்துவிடும். அங்கே போர் இரைக்காக அன்று, இடத்துக்காக.

இத்தனை பகைவரையும் ஒழித்துவிட்டால் கடலடி முழுதும் முத்தாகவே விளையாதோ என்று எண்ணத் தோன்றும். இதற்கு விடை அமெரிக்காவின் மேற்குக் கரையில் கிடைத்தது. ராபர்ட் பெயின் என்னும் அறிஞர் 1963-இல் அங்கே ஒரு பாறைக் கரையிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் ஒன்றுவிடாமல் எடுத்து அப்பால் எறிந்து வந்தார். கொல்லும் பகைவன் போனபின் மற்றவை செழித்தனவா? இல்லை. ஒரே மட்டி இனம் பாறை முழுவதையும் கவ்விக்கொண்டது. அங்கே வாழ்ந்த 15 இனங்கள் சில ஆண்டுகளில் 8 ஆகக் குறைந்தன. எதனைக் கொடியவன் என்று கருதினோமோ, அதுவே வலிய இனத்தை அடக்கி, எளிய இனங்களுக்கு இடமளித்துக் காத்து வந்த காவலன் என்பது அப்போது புலனாயிற்று.

முத்தைப் பற்றியே இன்னொரு செய்தி உண்டு. 1902-இல் இலங்கைப் பார்களை ஆராய வந்த ஹெர்ட்மன் என்னும் பேராசிரியரும், அவருடன் உழைத்த ஹார்னெலும், சிப்பிக்குள் புகும் ஒரு புழுவின் குஞ்சே முத்து விளையக் காரணம் என்றும், அப்புழு சிப்பியிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து திருக்கைக்கும் செல்கிறது என்றும் கருதினர். பின்வந்த அறிஞர்கள் இக்கருத்தை மறுத்து, முத்தைச் சுரக்கும் மேல்தோலின் அணுக்கள் இடம்பெயர்ந்து சதைக்குள் சென்று பையாக அமைவதே காரணம் என்று விளக்கினர். எவ்வாறாயினும், தனக்கு நேர்ந்த இடையூற்றை ஒளியாக மூடிக்கொள்ளும் ஆற்றலைச் சிப்பிக்கு அளித்தவன் இறைவனே அல்லனோ!

உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து நிற்பதை மேனாட்டார் மட்டுமே கண்டனர் என்று எண்ண வேண்டாம். ஹிஜ்ரி 255-இல் மறைந்த பஸரா நகரத்துப் பேரறிஞர் அல்ஜாஹிள், 'கிதாபுல் ஹயவான்' என்னும் தம் பெருநூலில், எளிய உயிர் வலியதற்கு இரையாவதையும், அவ்வலியதும் தன்னினும் வலியதற்கு இரையாவதையும் விரித்துரைத்து, அதில் படைத்தவனின் ஞானத்தைக் கண்டார். தரையில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அருள்மறையின் ஆறாம் அத்தியாயம் அறிவிக்கிறது. எறும்பு கடித்ததற்காக அதன் புற்றையே எரித்த முற்கால நபியொருவரை, தன்னைத் துதிக்கும் ஒரு சமுதாயத்தை அழித்தீரே என்று இறைவன் கண்டித்த செய்தியை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எடுத்துரைத்துள்ளார்கள். ஒரு புற்றுக்கே கணக்குண்டு என்றால், ஒரு பாரின் கணக்கு என்னாகும்?

ஆகவே பிள்ளையின் வினாவுக்கு நாம் தரும் விடை இதுதான்: படைப்பில் போட்டி உண்டு, ஆனால் அது வரம்பற்ற போட்டி அன்று. வானை உயர்த்தியவன் துலாக்கோலையும் நிறுவினான். அந்த அளவில் வரம்பு மீறாதீர்கள் என்று நம்மையே எச்சரித்தான். திருக்கை வயிறு நிறைந்தால் ஓய்கிறது. நாளைக்கென்று கிடங்கு கட்டி, மறுநாளுக்கு மறுநாளும் தனக்கே வேண்டுமென்று வாருபவன் மனிதன்.

வரலாறு இதற்குச் சான்று. இலங்கைக் கரையில் 1905-ஆம் ஆண்டு நடைபெற்ற முத்துச் சலாபத்தில் சுமார் எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அதைக் கண்டு ஆசைகொண்ட ஒரு வணிகக் குழு 1906-இல் இருபதாண்டுக் குத்தகை பெற்றது. ஓரிரு ஆண்டுகளிலேயே பார்கள் வெறுமையாயின, குழுவும் நொடித்துப்போயிற்று. தூத்துக்குடிக் கரையில் கடைசி முத்துச் சலாபம் நடந்தது 1961-இல். நீரோட்டமும் மணலும் பார்களை மூடுவதும் திறப்பதும் இயற்கையின் நியதியே. ஆயினும் இத்தனை நீண்ட வெறுமைக்கு நம் கரங்களுக்குப் பங்கே இல்லை என்று எவர் துணிந்து கூறுவார்? மனிதக் கரங்கள் சம்பாதித்தவற்றால் தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றியதை முப்பதாம் அத்தியாயம் சுட்டுகின்றதே!

பவளத்தின் கதையும் அவ்வாறே. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப் பாறைகளை வெட்டி எடுத்தோம். அலையைத் தடுத்த அரண் வீழ்ந்தது. வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டு நீரில் மூழ்கின. 2001-இல் சட்டம் பவளத்தைக் காக்க முன்வந்தபோது இழப்பு நேர்ந்து முடிந்திருந்தது.

மனிதருக்குள் நடந்த போட்டியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1530-களில் முத்துக்குளிப்பின் உரிமை குறித்து இக்கரையில் முஸ்லிம்களுக்கும் பரதவ மக்களுக்கும் பகை மூண்டது. பரதவர் போர்த்துக்கீசியரின் துணையை நாடினர். 1538-இல் வேதாளையில் போர் நடந்தது. பயன் யாருக்கு? கடலும் முத்தும் அந்நியன் கைக்குச் சென்றன. 1658-இல் டச்சுக்காரர் வந்தனர். பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். அண்டை வீட்டார் இருவர் பொருதினால் மூன்றாமவன் முற்றத்தில் குடியேறுவான். சூரன் படர்ந்த பாரில் சிப்பிக்கும் இடமில்லை, பிறவற்றுக்கும் இடமில்லை. ஒரே கடலை நம்பி வாழும் சமூகங்கள், உப்பளத்துப் பறவைகளைப் போல் பங்கிட்டு உண்ணக் கற்பதே நலம்.

"கடலின் வேட்டையை இறைவன் நமக்கு ஹலாலாக்கியுள்ளானே, எடுப்பதில் என்ன குற்றம்?" என்று கேட்பவர் உளர். ஆம், ஹலாலே. உண்ணவும் பருகவும் அனுமதித்த அதே மறை, வீண்விரயம் செய்வோரை இறைவன் நேசிப்பதில்லை என்றும் கூறுகிறது. மேய்ச்சலும் ஹலால்தான், ஆயினும் நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு அருகே 'நகீஃ' என்னும் புல்வெளியை 'ஹிமா' எனப் பாதுகாக்கப்பட்ட நிலமாக ஒதுக்கினார்கள். மதீனாவின் எல்லைக்குள் வேட்டையாடுவதையும் மரம் வெட்டுவதையும் தடுத்தார்கள். ஆகுமானதற்கும் எல்லை வகுப்பது சுன்னத்தின் வழியே. 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டதும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை நிலவுவதும் நம் மார்க்கத்துக்கு அந்நியமானவை அல்ல. ஹிமாவின் நெறியை ஒத்தவையே.

"ஏழை மீனவனின் வயிறு என்னாவது?" என்பது நியாயமான கேள்வி. பாரத்தை அவன் தோளில் மட்டும் ஏற்றுவது அநீதி. கடற்கரையை ஒட்டிச் சிறு வள்ளத்தில் செல்பவனின் பங்கைப் பெரிய படகின் இழுவலை வாரிச் செல்வதே முதற்கொடுமை. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையோரக் கடலைச் சிறு படகுகளுக்கென ஒதுக்கியது இதனாலேயே. தடைக்காலத்தில் வருவாயிழந்த குடும்பங்களுக்கு நம் ஸகாத்தும் ஸதகாவும் சென்றடையட்டும். மதம் பார்த்து அண்டை வீட்டாரின் பசியை அளக்க வேண்டாம்.

வீட்டிலும் நாம் செய்யத்தக்கவை உண்டு. சினை நண்டையும், முற்றாத மீன் குஞ்சையும் விலை மலிவென்று வாங்காதீர்கள். வாங்குவோர் இல்லையெனில் பிடிப்போர் குறைவர். 2001 முதல் தடை செய்யப்பட்ட கடல் அட்டை வணிகத்தில் எவரேனும் மறைவாக ஈடுபட்டால், உறவினர் என்று வாய்மூடி இராதீர்கள். கடலடி மணலை விழுங்கித் தூய்மைப்படுத்தும் அவ்வுயிரைக் களவாக விற்ற பணத்தில் பரக்கத் ஏது? தொழிற்சாலை நடத்துவோராயினும் வீடு நடத்துவோராயினும், கழிவைக் கடலில் கலக்கவிடாது காப்பது அமானிதம் என்று உணருங்கள்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. தூத்துக்குடியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர்கள் 1973-இல் சிப்பிக்குள் முத்தை விளைவித்தனர். 1981-இல் சிப்பிக் குஞ்சுகளையே தொட்டியில் உருவாக்கிக் காட்டினர். ஒரு முஃமின் நட்ட மரத்திலிருந்து பறவையோ விலங்கோ உண்டாலும் அது தர்மம் என்பது நபிமொழியின் கருத்து. அவ்வாறாயின், பார் ஒன்று மீண்டும் உயிர்பெற உதவுவதும், அதற்கு ஊறு செய்யாது ஒதுங்கி நிற்பதும் தர்மமாகாமற் போகுமோ?

இறைவன் நிறுவிய துலாக்கோலின் ஒரு தட்டில் கடலின் உயிர்கள். மறுதட்டில் நாமும் நம் ஆசைகளும். அவை தம் தட்டிலிருந்து ஒருபோதும் குதித்ததில்லை. நம் தட்டை நாம் நேர்நிறுத்துவோம். மறுமையில் மீஸான் நிறுவப்படும் நாளில், கடலின் பங்கைக் கவர்ந்த பாவம் நம் ஏட்டில் இராமல் வல்ல அல்லாஹ் நம்மைக் காத்தருள்வானாக! ஆமீன்.