ஒன்பது மணி வெடி

ஹவானாவுக்குப் போகிறவர்கள் பழைய அமெரிக்கக் கார்களோடு படம் எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு அந்த ஊரில் பிடித்தது ஒரு சத்தம். தினமும் இரவு ஒன்பது மணிக்கு லா கபாஞா கோட்டையில் பீரங்கி வெடிக்கிறார்கள். ஒரு காலத்தில் அதற்கு வேலை இருந்தது: மதில் கதவுகளை அடையுங்கள், துறைமுக வாயில் சங்கிலியை இழுத்துக் கட்டுங்கள் என்ற அறிவிப்பு அது. மதிலை 1863-இல் இடிக்கத் தொடங்கினார்கள், சங்கிலியும் போயிற்று. வெடி மட்டும் மிச்சம். கோட்டை எழுந்த கதை அதைவிட வேடிக்கை. 1762-இல் ஆங்கிலேயர்கள் வந்தபோது எல் மோரோ கோட்டை கடலைப் பார்த்து மிடுக்காக நின்றது. அவர்களோ சரியான காவலில்லாத பக்கத்துக் குன்றில் பீரங்கிகளை ஏற்றி, நிலப்பக்கமிருந்து அடித்தார்கள். மறு ஆண்டு ஃபுளோரிடாவைக் கொடுத்து நகரத்தை மீட்ட ஸ்பெயின், திருட்டுப் போனபின் பூட்டு வாங்குகிற வீட்டுக்காரரைப் போல, அந்தக் குன்றிலேயே பிரம்மாண்டமாக ஒரு கோட்டையைக் கட்டியது. செலவைக் கேட்ட மன்னர் மூன்றாம் கார்லோஸ், இவ்வளவு பணத்துக்கு மாட்ரிட்டிலிருந்தே தெரிய வேண்டுமே என்று தொலைநோக்கி கேட்டாராம். புளுகுதான், ஆனால் நல்ல புளுகு! அந்நியருக்காகக் கட்டிய கோட்டை பெரும்பாலும் உள்ளூர்க் கைதிகளைத்தான் கண்டது. 1959-இல் சே குவேராவின் பொறுப்பில் இருந்தபோது மரண தண்டனைகளும் அங்கே நிறைவேறின. ஹவானா புத்தகக் கண்காட்சியைப் பல ஆண்டுகளாக அங்கேதான் நடத்துகிறார்கள்.