அமெரிக்கச் சட்டமும் நமது ஸ்திரீகளும்

ஐக்கிய அமெரிக்க நாடுகளின் குடியேற்றச் சட்டத்தில் ஸ்திரீகளுக்கு விரோதமான வாசகம் ஒன்றும் இல்லை. எச்-1பி என்னும் தொழில் விஸா இருபாலாருக்கும் ஒன்றே. அதைப் பெற்றவருடன் செல்லும் துணைவருக்குரிய எச்-4 விஸாவும் அப்படியே. ஆனால் சட்டத்தை அதன் சொற்களைக் கொண்டு மட்டும் அளப்பது வக்கீல்களின் வழக்கம். (நாமும் அவ்வினத்தைச் சேர்ந்தவரே.) அதன் பாரம் யார் தலைமீது விழுகிறதென்று பார்ப்பதே பிரஜைகளின் கடமை.

எச்-1பி பெறுவோரில் பெரும்பாலோர் இந்தியர், பெரும்பாலோர் ஆடவர். அவர்களைப் பின்தொடரும் மனைவியர் படியாதவரல்லர். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் எஞ்சினியர் பரீக்ஷையில் கணவனுடன் சமமாகத் தேறியவர்கள் அநேகர். 2015 வரையில் இவர்கள் அங்கே ஒரு டாலரும் சம்பாதிக்க அநுமதி கிடையாது. பணம் கட்டிப் படிக்கலாம். இலவசமாக ஊழியம் செய்யலாம். ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் பார்த்துப் பெண்ணைக் கொடுக்கும் நமது கனவான்கள் இந்தப் பதினோராவது பொருத்தத்தை விசாரித்ததாக நாம் கேட்டதில்லை.

2015 மே 26 முதல் ஒரு விதி அமுலுக்கு வந்தது. கணவனுடைய கிரீன் கார்டுக்காக அவன் எஜமானர் செய்துகொண்ட மனு அங்கீகரிக்கப்பட்டிருந்தாலோ, ஆறு வருஷங்களுக்கு மேல் அவன் விஸா நீடிக்கப்பட்டிருந்தாலோ, மனைவி உத்தியோகம் பார்க்க மனுச் செய்யலாம். 2017 முடிவுக்குள் சுமார் 91,000 பேர் முதன்முறை அநுமதி பெற்றனர். அவர்களில் நூற்றுக்கு 93 பேர் ஸ்திரீகள். நூற்றுக்கு 93 பேர் இந்தியாவிற் பிறந்தவர்.

இவ்வநுமதி அவளுடைய படிப்புக்காகக் கொடுக்கப்பட்டதன்று. கணவன் வேலை போனால் அவள் வேலையும் போகும். விவாகரத்து நேர்ந்தால் எச்-4 அந்தஸ்தே ஒழியும். கொடுமைக்குள்ளான துணைவருக்குத் தனி ஏற்பாடு ஒன்று உண்டு. அதைப் பெற முதலில் கொடுமையை ருஜுப்படுத்த வேண்டும்! கொஞ்ச காலம் பொறுத்தால் கிரீன் கார்டு வந்துவிடாதா என்பர் சிலர். உத்தியோக வழியில் வருஷத்துக்குச் சுமார் 1,40,000 கார்டுகள். மனைவி மக்களும் அதற்குள்ளேயே அடக்கம். எத்தேசத்திற் பிறந்தாருக்கும் பொதுவாக நூற்றுக்கு ஏழுக்கு மேல் இல்லை. இந்தியருக்கு இந்தக் காத்திருப்பு பல ஆண்டுகளாக நீளுகிறது. ஒரு ஸ்திரீயின் யௌவனம் முழுவதும் அதிற் கழியலாம்.

இவ்விதியை எதிர்த்து வழக்காடியவர்கள் தெற்குக் கலிபோர்னியாவில் ஒரு மின்சாரக் கம்பெனியில், எச்-1பி தொழிலாளர் வந்ததால் வேலையிழந்த அமெரிக்கர். அவர்கள் குறையை நாம் அலக்ஷியம் செய்யவில்லை. மலிவான கூலிக்கு ஆள் தேடிய முதலாளிகளைக் கேட்க வேண்டிய கேள்வியை மனைவிமார்மீது திருப்பியதே பிசகு. 2024 ஆகஸ்டில் அப்பீல் கோர்ட்டு விதியை ஊர்ஜிதம் செய்தது. 2025 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. இதைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் தீர்ப்பின் பொருளைச் சற்று யோசிக்க வேண்டும். அநுமதி கொடுக்கும் அதிகாரம் இலாகாவுக்கு உண்டு என்பதே அத்தீர்ப்பு. கொடுத்ததை எடுக்கவும் அதே இலாகாவால் முடியும். விதியை ரத்துச் செய்யும் யோசனை 2017-இல் வெளியாகி, 2021 ஜனவரியில்தான் கைவிடப்பட்டது. புதுப்பிக்கும் மனு நிலுவையில் இருக்கையில் 540 நாள் வரை அநுமதி தானாகவே நீண்டுவந்த சலுகையோ, 2025 அக்டோபர் 30 முதல் செய்யும் மனுக்களுக்கு நிறுத்தப்பட்டது. இனி குமாஸ்தா தாமதித்தால் அவள் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

நாம் கேட்பது புதிதன்று. கம்பெனிக் கிளை மாற்றத்தில் எல்-1 விஸாவிற் செல்வோரின் துணைவருக்கு அமெரிக்கக் காங்கிரஸ் 2002-லேயே சட்டம் செய்து உத்தியோக உரிமை அளித்தது. மனைவி அதே மனைவி. கணவன் சென்ற விஸா மாத்திரம் வேறு. இப்பேதத்துக்கு நியாயம் என்னவென்று வாஷிங்டனில் கேட்க வேண்டியவர்கள் நமது சர்க்காரின் பிரதிநிதிகள். எச்-1பி எத்தனை என்று பேரம் பேசும்போதே, எச்-4 துணைவரின் உரிமையை விதியினின்று சட்டத்துக்கு மாற்றும்படியும் அவர்கள் வற்புறுத்த வேண்டும்.