ஐஸ்கிரீமின் தலையில் எதை ஊற்றுவது?

ஐஸ்கிரீம் கடையில் ஒரு கிண்ணம் வெனிலா கேட்டால், கடைக்காரர் ஒரு புட்டியைக் கவிழ்த்து அதன் தலையில் சிவப்பாக எதையோ பிழிந்து தருவதைப் பார்த்திருப்பீர்கள். ‘ஸ்ட்ராபெரி’ என்பார். அந்தச் சிவப்புக் குழம்பு வேண்டாம், நல்ல பழத்தையும் பச்சிலையையும் கொண்டு நீங்களே ஒன்று செய்து போட்டுக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. விஞ்ஞானப் பத்திரிகையில் சமையல் குறிப்பா என்று சிரிக்காதீர்கள். குறிப்பு என்னவோ நான்கு வரிதான். அவை ஏன் அந்த வரிசையில் இருக்கின்றன என்று கேட்டால் விஞ்ஞானம் வந்துவிடும்.

செயற்கை மணப்பொருள் என்றாலே நஞ்சு என்று நான் சொல்ல வரவில்லை. வெனிலாவுக்கு மணம் தரும் வெனிலின், ஒரு வகை ஆர்க்கிட் கொடியின் காயிலிருந்து வந்தாலும் தொழிற்சாலையிலிருந்து வந்தாலும் ஒரே மூலக்கூறுதான். 1874-லேயே ஜெர்மானிய வேதியியலார் டீமானும் ஹார்மனும் பைன் மரத்திலிருந்து கிடைக்கும் ஒரு பொருளைக் கொண்டு அதைத் தயாரித்துவிட்டார்கள். என் வழக்கு வேறு. புட்டிச் சாறு மாதக்கணக்கில் கெடாமலிருக்க வேண்டும். அதற்காகக் காய்ச்சுகிறார்கள். காய்ச்சும்போது பழத்தின் மெல்லிய மணங்கள் ஆவியாகிப் போய்விடுகின்றன. மாம்பழ மணத்தில் மட்டும் இருநூறுக்கும் மேற்பட்ட ஆவியாகும் பொருள்கள் உள்ளன. போனவற்றுக்கு ஈடாக எசென்ஸ் ஒன்றிரண்டு சொட்டு சேர்ந்தால், அது பெரிய கச்சேரிக்குப் பதில் ஒற்றைச் சுருதிப்பெட்டி கேட்பது போலத்தான். புட்டியின் லேபிளையும் ஒருமுறை படியுங்கள். 122 என்றிருந்தால் அது கார்மோசின். 124 என்றால் பொன்சோ 4ஆர். இரண்டும் செயற்கைச் சிவப்புச் சாயங்கள். பழத்துக்கு ஏன் சாயம் பூச வேண்டும்?

இனி நான்கு வரிக் குறிப்பு. நான்கு பேருக்கு, பழுத்தும் குழையாத பங்கனபள்ளி மாம்பழம் ஒன்றை ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். இரண்டு தேக்கரண்டி சர்க்கரை தூவி இருபது நிமிடம் மூடி வையுங்கள். அரை எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் சேருங்கள். நன்கு கழுவிய பத்துப் புதினா இலைகளைப் பரிமாறும் சமயத்தில் நறுக்கிப் போடுங்கள். ‘இது அக்காவின் வேலை’ என்று நழுவும் தம்பிமார்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இருபது நிமிடம் கழித்து மூடியைத் திறந்தால், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாத கிண்ணத்தில் பளபளவென்று சாறு நிற்கும். ஊறுகாய்க்கு உப்புப் போட்ட மாங்காய் நீர் விடுவதும் இதே கதைதான். வெட்டுப்பரப்பின் ஈரத்தில் சர்க்கரை கரைந்து செறிவுமிக்க கரைசலாகிறது. செல்லின் உள்ளே செறிவு குறைவு. ஆகவே செல் சவ்வைக் கடந்து நீர் வெளியே வருகிறது. தேர்வில் உருளைக்கிழங்குப் படம் வரைந்து ‘சவ்வூடு பரவல்’ என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறோமே, அதுதான். படத்தை வரைவதற்கு முன் இந்தக் கிண்ணத்தைப் பார்க்க வேண்டும் என்பேன். ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியிலும் ஒரு மாம்பழம் கிடைக்கும். துண்டுகளை முன்னும் பின்னும் எடை போட்டால் கணக்கும் கிடைக்கும். அந்தச் சாறுதான் நமது ‘சாஸ்’, அடுப்பே தேவைப்படவில்லை.

புதினாவை முதலிலேயே போட்டால் என்ன? எலுமிச்சையின் அமிலம் பச்சையத்திலுள்ள மெக்னீசியத்தை வெளியேற்ற, இலை மங்கிய பழுப்புப் பச்சையாகிவிடும். மணமும் போய்விடும். மண எண்ணெய் இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் இருக்கிறது. கத்தி பட்டதும் அவை உடைகின்றன. அப்போதிருந்தே மணம் காற்றில் கரையத் தொடங்குகிறது. ஆகவே கடைசி நிமிடம்.

கலவையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும் வேண்டாம். உருகிப்போன ஐஸ்கிரீம் திகட்டுவதைக் கவனித்திருப்பீர்கள். சர்க்கரை அதேதான், மாறியது வெப்பநிலை. நாவின் சுவைச் செல்களில் இனிப்பை உணர்த்த உதவும் டிஆர்பிஎம்5 என்னும் அயனிப் பாதை, 15 டிகிரியில் சோம்பியிருந்து 35 டிகிரி நோக்கிச் செல்லச் செல்லச் சுறுசுறுப்படைகிறது என்று 2005-ல் கண்டார்கள். எனவே அறை வெப்பத்திலுள்ள பழம் குறைந்த சர்க்கரையிலேயே இனிக்கும். அதற்காக மணிக்கணக்கில் வெளியே வைத்து ஈக்களுக்கு விருந்து வைக்காதீர்கள். செய்தவுடன் சாப்பிடுவதற்குத்தான் இது.

புதினா குளிர்ச்சி தருமே என்பீர்கள். குளிர்ச்சியை உணர்த்துவது மென்தால். நரம்பு நுனியில் குளிரை அறியும் வாங்கியை அது ஏமாற்றித் தூண்டுகிறது. அந்த வாங்கியை 2002-ல் இனங்கண்டவர்களில் ஒருவரான டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் நம் சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் புதினாவில் மென்தால் சொற்பம், கார்வோன்தான் மிகுதி. கிண்ணத்தின் குளிர்ச்சி ஐஸ்கிரீமுடையது, மணம் மட்டுமே புதினாவுடையது. நாட்டுமருந்துக் கடையில் சதகுப்பை விதை வாங்கி நசுக்கி முகர்ந்து பாருங்கள். அதிலும் கார்வோன் உண்டு. அதே அணுக்கள், அதே இணைப்புகள். ஆனால் இடக்கையும் வலக்கையும் போல் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். மூக்கு அவற்றை வேறு வேறு மணமாக அறிகிறது.

மாம்பழக் காலம் முடிந்தால் கொய்யாவும் துளசியும் சேரும். துளசியின் யூஜினால்தான் கிராம்பிலும் இருக்கிறது. பன்னீர் திராட்சை, ஆரஞ்சு எல்லாம் சரி. அன்னாசியில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். அதிலுள்ள புரோமெலைன் என்னும் நொதி பாலின் புரதத்தைத் துண்டாக்கும். அத்துண்டுகளில் சில கசக்கும். இரண்டு தம்ளர்களில் காய்ச்சி ஆறிய பாலை எடுத்து, ஒன்றில் பச்சை அன்னாசித் துண்டையும், மற்றதில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறிய துண்டையும் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து ஒரு சொட்டு நாவில் வைத்துப் பாருங்கள். கொதியில் நொதி செயலிழந்துவிடுவதால் இரண்டாவது தம்ளர் கசக்காது. டப்பாவில் அடைத்த அன்னாசிக்கும் இதே காரணத்தால் இந்தத் தொல்லை இல்லை. புட்டிக்காரர்களுக்கு இந்த ஒரு மதிப்பெண்ணைக் கொடுத்துவிடலாம். பச்சை அன்னாசிதான் வேண்டுமென்றால், ஐஸ்கிரீம் கைக்கு வந்த பிறகு போட்டு, பேச்சைக் குறைத்துச் சாப்பிட்டு முடியுங்கள்.