ஆடாதோடை மருந்தா, ஆரோக்கிய பானமா?

ஒவ்வோராண்டும் நவம்பர் மாதத்தில் தில்லியின் காற்று மூச்சுக்குத் தகாததாகிவிடுகிறது. பஞ்சாப், அரியானா வயல்களில் எரிக்கப்படும் நெற்தாள், வாகனப் புகை, கட்டுமானத் தூசு, குளிர்காலத்தின் அசையாக் காற்று ஆகியவை சேர்ந்து நகரின் மீது கவிகின்றன. அந்நாள்களில் மருந்துக்கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் 'நுரையீரலைத் தூய்மை செய்யும்' மூலிகைப் பானங்கள் முன்வரிசைக்கு வருகின்றன. அவற்றின் உட்பொருள் பட்டியலில் துளசி, அதிமதுரம், திப்பிலி ஆகியவற்றை அடுத்து 'வாசா' என்ற பெயரும் அடிக்கடி காணப்படும். இந்தியில் அடூசா, வங்கத்தில் பாசக், மலையாளத்தில் ஆடலோடகம், தமிழில் ஆடாதோடை என வழங்கும் செடிதான் அது. தில்லியின் ஆரவல்லி மேட்டுக் காடுகளில் யாரும் நடாமலே புதராக மண்டிக் கிடப்பதும் அதுவே.

இத்தகைய பானங்களைப் பற்றிய விவாதம் வழக்கமாக இரு அணிகளாகப் பிரிகிறது. 'பாட்டி வைத்தியம் பொய்க்காது' என்பது ஓரணி. 'மூலிகையெல்லாம் மூடநம்பிக்கை' என்பது மற்றோரணி. ஆடாதோடையைப் பொறுத்தவரை இரண்டும் பிழை. அது மருந்து என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. மருந்தாக இருப்பதாலேயே அதனை அன்றாட ஆரோக்கிய பானமாக விற்பதும் பருகுவதும் கேள்விக்குரியவை.

முதலில் மருந்து என்னும் பகுதி. உதகமண்டலத்தில் அரசின் சின்கோனா வேதியியலராகப் பணியாற்றிய டேவிட் ஹூப்பர், ஆடாதோடை இலையிலிருந்து 1888-இல் ஓர் ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தார். செடியின் வடமொழிப் பெயரைத் தழுவி அதற்கு 'வாசிசின்' என்ற பெயர் அமைந்தது. மூச்சுக்குழல்களை விரிக்கும் தன்மை வாசிசினுக்கும் அதன் வழிப்பொருளான வாசிசினோனுக்கும் உண்டு என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. வாசிசினின் மூலக்கூறு அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு 1960-களில் ஜெர்மனியில் உருவானதே புரோம்ஹெக்சின். அது உடலுக்குள் சிதையும்போது உண்டாகும் பொருள் அம்ப்ராக்சால். இன்று இந்திய மருத்துவர்கள் சளியை இளக்க எழுதித் தரும் மருந்துகளில் இவ்விரண்டும் மிகப் பரவலானவை. ஆங்கில மருந்து, நாட்டு மருந்து என்று எதிரெதிர் அலமாரிகளில் நிற்கும் இரு புட்டிகளும் உண்மையில் ஒரே குடிவழியைச் சேர்ந்தவை.

பெயர்களின் பயணமும் கவனிக்கத்தக்கது. லின்னேயஸ் 1753-இல் இச்செடிக்கு இட்ட 'ஜஸ்டிசியா அதடோடா' என்னும் அறிவியற்பெயரில் தென்னாசிய மக்கள் வழங்கிய பெயர் அப்படியே வாழ்கிறது. வேதியியலின் 'வாசிசின்' வடமொழி வாசாவைத் தாங்கியிருக்கிறது. 'புரோம்ஹெக்சின்' என்னும் பெயரிலோ செடியின் சுவடே இல்லை. 'ஆடு தொடாத இலை' என்று தமிழர் சொல்லும் பெயர் விளக்கத்திலும் ஓர் அவதானிப்பு பொதிந்துள்ளது. கசப்பு மிக்க இவ்விலையை ஆடுமாடுகள் மேய்வதில்லை; அதனாலேயே இது வேலிச் செடியாயிற்று. விலங்கு விலகிச் செல்லும் இலையை மனிதர் அளவறிந்தே உண்ண வேண்டும் என்னும் எச்சரிக்கை மக்களின் வழக்கிலேயே இருந்திருக்கிறது.

அந்த அளவறிதல்தான் மரபு மருத்துவத்தின் உயிர்நாடி. சரக சங்கிதை இருமலை ஒரே நோயாகக் கொள்வதில்லை. வாதம், பித்தம், கபம், மார்புப் புண், உடல் தேய்வு என ஐவகைக் காரணங்களால் வரும் இருமலைப் பிரித்துரைத்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு சிகிச்சை வகுக்கிறது. வாசா பெரிதும் போற்றப்படுவது இரத்தம் கசியும் 'இரத்தபித்த' நோய்க்கும், கபமும் பித்தமும் மிகுந்த இருமலுக்கும். இலைச்சாறா, கஷாயமா, லேகியமா, எதனோடு சேர்த்து, எத்தனை நாள் என்பவையெல்லாம் நோயாளியின் நிலைக்கேற்ப முடிவு செய்யப்படுவன. நோய் இல்லாதவரும் எந்நாளும் பருகலாம் என்னும் விளம்பர வாசகம், தான் மேற்கோள் காட்டும் மரபுக்கே அயலானது.

இந்த மாற்றத்தைச் செய்து முடித்தவை 'ஆரோக்கியம்', 'எதிர்ப்புச் சக்தி' என்னும் இரண்டு சொற்கள். ஒரு சொல்லின் பொருள் விரிய விரிய அதன் குறிப்பு தேயும் என்பது மொழியியலின் தொடக்கப் பாடம். 'சளியை இளக்கும்' என்னும் கூற்றைச் சோதித்துப் பார்க்கலாம், பொய்யென்றும் நிறுவலாம். 'உடலுக்கு நல்லது' என்னும் கூற்றை எந்தச் சோதனையும் தீண்ட முடியாது. 2020-இன் பெருந்தொற்றுக் காலத்தில் ஆயுஷ் அமைச்சகமே மூலிகைக் கஷாயத்தைப் பரிந்துரைத்தபோது 'எதிர்ப்புச் சக்தி' வீட்டுச் சொல்லாயிற்று. நோயின் பெயர் நீங்கியதும் அதனோடு அளவும் காலவரையும் தவிர்க்க வேண்டியவர் பட்டியலும் நீங்கிவிட்டன.

அவ்வாறு நீங்கியவற்றின் விலை என்ன? வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆற்றல் உடையது. ஜம்முவிலிருந்த வட்டார ஆய்வுக்கூடத்தின் அறிவியலாளர்கள் இப்பண்பை 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டுள்ளனர். கருவுற்ற பெண்கள் மருத்துவர் மேற்பார்வையின்றி ஆடாதோடையை உட்கொள்ளக் கூடாது. 'குடும்பத்தினர் அனைவருக்கும்' என்று அச்சிட்ட புட்டி இச்செய்தியை மறைக்கிறது. வாசாவலேகத்தில் இலைச்சாற்றோடு சர்க்கரையும் தேனும் கணிசமாகச் சேர்கின்றன. நீரிழிவு நோயாளி அதனை நாள்தோறும் உண்பது ஆரோக்கியம் ஆகாது.

இதனினும் பெரியது காசநோய். உலகில் புதிதாகக் காசநோய்க்கு ஆளாவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியர். இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அரசு அறிவுறுத்துகிறது. சளியை இளக்கி மூச்சை எளிதாக்கும் ஒரு பானம் அந்த இரண்டு வாரத்தை இரண்டு மாதமாக நீட்டிவிடக்கூடும். அக்கால இடைவெளியில் நோய் முற்றுகிறது. விடுதி அறையில் உடனிருப்பவருக்கும் தொற்றுகிறது. மருந்து வேலை செய்யாததால் வரும் தீங்கன்று இது. ஓரளவு வேலை செய்வதால் வரும் தீங்கு.

காற்று மாசு குறித்த கூற்றோ அடிப்படையிலேயே பொருந்தாதது. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் நுண்ணறைகள்வரை செல்கின்றன; அவற்றுள் மிக நுண்ணியவை குருதியிலும் கலக்கின்றன. மூச்சுக்குழலில் தேங்கிய சளியை இளக்குவது வேறு, நுண்ணறையில் படிந்த துகளை அகற்றுவது வேறு. இரண்டாவதைச் செய்யும் பானம் எதுவும் கிடையாது. அரசுகள் தீர்க்க வேண்டிய காற்றின் சிக்கலைத் தனிமனிதரின் தேநீர்க் கோப்பைக்குள் அடைப்பதே இவ்விளம்பரங்களின் அரசியல்.

மறுதரப்பின் நியாயங்களையும் ஒதுக்கிவிட முடியாது. 2022 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம், இந்தியாவில் தயாரான நான்கு மருந்துகளைக் காம்பியக் குழந்தைகளின் இறப்புகளோடு தொடர்புபடுத்தி எச்சரித்தது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாடாவிலும் நச்சு கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் மடிந்தனர். இதன் பிறகு ஒரு தாய் வேலியோர இலையை நாடினால் அவரை அறியாதவர் என்று எள்ளுவது அறமன்று. ஆனால் அந்த மரணங்கள் உணர்த்தும் பாடம் 'இயற்கைக்குத் திரும்பு' என்பதன்று. புட்டிக்குள் இருப்பது என்ன என்பதைச் சோதித்துச் சொல்லும் அமைப்பு வேண்டும் என்பதே அப்பாடம். அது மூலிகைப் புட்டிக்கும் பொருந்தும். இன்றைய மருந்து விதிகளின்படி, பழம் நூல்களில் சொன்னவாறே தயாரிக்கும் ஆயுர்வேத மருந்துக்கு உரிமம் பெறப் புதிய பாதுகாப்பு ஆய்வு தேவையில்லை. நூலின் அதிகாரத்தைச் சலுகையாகப் பெறுவோர் நூல் விதிக்கும் கட்டுப்பாட்டையும் ஏற்க வேண்டாமா?

குறைந்த அளவாகச் சில கோரிக்கைகள் நியாயமானவை. சிட்டையில் செடியின் அறிவியற்பெயர் இருக்க வேண்டும். கேரள வைத்தியர் பலர் வாசாவாகக் கொள்வது சிற்றாடலோடகம் என்னும் வேறோர் இனத்தை என்பதால், வெறும் 'வாசா' போதாது. எவ்வுறுப்பு, ஒரு வேளைக்கு எவ்வளவு வாசிசின், யார் தவிர்க்க வேண்டும், எத்தனை நாளுக்குப் பின் மருத்துவரை நாட வேண்டும் ஆகியவை விற்கப்படும் மாநிலத்தின் மொழியில் அச்சிடப்பட வேண்டும்.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பங்குண்டு. மொழித்துறையினர் மூலிகைப் பெயர்களைத் தொகுக்கின்றனர். தாவரவியலார் மாதிரிகளைச் சேகரிக்கின்றனர். மருந்தியலார் மூலக்கூறுகளை ஆராய்கின்றனர். 'யாருக்குக் கொடுக்கக் கூடாது' என்று கிராமத்து மருத்துவச்சி சொல்லும் ஒரு வரி மூவரின் குறிப்பேட்டிலும் விடுபடுகிறது. பெயரையும் மூலக்கூறையும் காப்பாற்றிவிட்டு அந்த வரியைத் தொலைப்பது மரபைக் காப்பதாகாது. களப்பணிக்குச் செல்லும் அடுத்த மாணவர் பெயரோடு அந்த வரியையும் எழுதிக்கொண்டு வரட்டும்.